இடக்கைக் கத்தரிக்கோல்

பெட்டிகள் வரத் தொடங்கிய நாளிலிருந்து ருவோலானுக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

முதல் பெட்டி அவளே கேட்டு வாங்கியதுதான். வகுப்புக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதிப் போட்டால், முகம் தெரியாத யாரோ வாங்கித் தரும்படி ஏற்பாடு செய்யும் அமைப்பு ஒன்று தைபேயில் இருந்தது. தன் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குக் குச்சிகளும் ஒரு மரத் தராசும் வேண்டும் என்று ருவோலான் எழுதினாள். வந்தன. மேலே, 'தைச்சுங்கிலிருந்து ஓர் அன்பர்' என்று மட்டும் ஒட்டியிருந்தது.

இரண்டாவது பெட்டியை அவள் கேட்கவில்லை. படக்கதைப் புத்தகங்கள், பூதக்கண்ணாடிகள், உட்கார்ந்து படிக்க ஒரு தடித்த விரிப்பு என்று அதுவாகவே வந்தது. மூன்றாவது பெட்டியில் குழந்தைகளுக்கான கத்தரிக்கோல்கள் இருந்தன. அவற்றில் இரண்டு, இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கென்றே செய்தவை.

அவள் வகுப்பில் இடது கைக்காரி ஒருத்திதான். அது ருவோலானின் மகள் யுவான்.

யுவான் இடது கையை நீட்டும்போதெல்லாம், "அந்தக் கை இல்ல, இந்தக் கை" என்று திருத்திக்கொண்டே வந்தவள் ருவோலான். சீன எழுத்துக்களின் கோடுகள் எல்லாம் வலது கைக்காகவே ஏற்பட்டவை, பின்னால் பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்ற எண்ணம். பள்ளிக்கூடத்தில் அவள் இதை யாரிடமும் பேசியதில்லை. அப்படியிருக்க, தைச்சுங்கில் இருக்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரிந்தது?

கத்தரிக்கோல் வந்த செய்தியைச் சொன்ன அன்றிலிருந்துதான் அவள் கணவன் செங்டா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. யுவான் ருவோலானின் வயிற்றில் பிறந்தவள் இல்லை. இரண்டு வயதில் அவள் கைக்கு வந்த குழந்தை. செங்டாவின் முதல் மனைவி லிபிங், குழந்தையை விட்டுப் போனவள், போன இடம் தெரியாது. செங்டா அப்படித்தான் சொல்லியிருந்தான். அரிசி ஆலையில் வேலை கிடைத்து இந்தப் பள்ளத்தாக்குக்கு மூவரும் குடிவந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் தாயும் மகளும் என்றே நினைத்தார்கள். யுவானும் அப்படித்தான் நினைத்தாள். ருவோலானுக்கே பல நாட்கள் அது மறந்து போயிருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. தைச்சுங் அன்பர் வகுப்பைப் பார்க்க நேரில் வருகிறார்.

காலையில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே ருவோலான் அதைச் சொன்னபோது செங்டாவின் கை நின்றது.

"நேர்லயா? யாரு கூப்பிட்டா?"

"ஹெட்மாஸ்டர்தான். வாசல்ல வரவேற்புத் துணி எல்லாம் கட்டி வச்சிருக்காரு. அமைச்சர் வர்ற மாதிரி."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதான். காவ்னு பேரு. ஏன்?"

செங்டா ஊறுகாய்த் தட்டை நகர்த்தி வைத்தான். காவ் என்ற குடும்பப் பெயர் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். ருவோலானுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

"யுவானுக்கு இன்னைக்கு லீவு போட்டுடு" என்றான்.

"எதுக்கு?"

"இருமுறா."

"எப்ப இருமினா? நீதான் இருமுற, மில்லு தூசியில."

"சொன்னா கேளேன், ருவோலான்."

"காரணத்தச் சொல்லு, கேக்குறேன்."

அறுவடைக் காலம். ஆலையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தபடியே ருவோலான் மகளை ஸ்கூட்டரில் ஏற்றினாள். பாதி வயல்கள் அறுத்துக் கிடந்தன. யுவான் வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தாள். ஒரு முறைகூட இருமவில்லை.

காவ் என்ற அந்தப் பெண் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு. கழுத்து வரை வெட்டிய முடி. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஹெட்மாஸ்டர் சியூ வாசலிலேயே ஒரு சிறு சொற்பொழிவை முடித்துவிட்டு அவளை வகுப்புக்கு அழைத்து வந்தார்.

"இவங்கதான் ருவோலான் டீச்சர். நீங்க அனுப்பினதுல ஒரு சாமான்கூட அலமாரியில தூங்கல. எல்லாம் பிள்ளைங்க கையிலதான் இருக்கு."

"தெரியும்" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல நிறுத்திக்கொண்டாள்.

பின்னால் பெரிய நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காரவில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால்கள் மேலே தூக்கிக்கொள்ள அமர்ந்தாள்.

புது மனிதர்களைக் கண்டால் ருவோலானின் பின்னால் ஒளிந்துகொள்ளும் யுவான், அன்று நேராகப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ருவோலானுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பாடத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

கழித்தல் கணக்கு. முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். கோடைக்கு முன்னால் இதே மாதிரிக் கணக்கில்தான் பனாய் அழுது எழுந்து போனாள். ஆமிஸ் பழங்குடிக் குடும்பத்துப் பெண், வாய்த்துடுக்குக்காரி, கணக்கென்றால் மட்டும் முகம் செத்துப் போகும். பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க வேண்டும் என்று ருவோலான் கரும்பலகையில் எத்தனை முறை போட்டுக் காட்டியும், "டீச்சர், வாங்கின கடன எப்பத் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது குறும்பு என்று முதலில் நினைத்த ருவோலானுக்கு, அந்தப் பிள்ளை நிஜமாகவே அந்தக் கவலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பது புரியவே நாளாயிற்று.

இப்போது பனாய் தானாக முன்னால் வந்தாள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகள் மூன்றும் உதிரிக் குச்சிகள் இரண்டும் எடுத்து வைத்தாள்.

"ஏழு எடுக்கணும். கையில ரெண்டுதான் இருக்கு" என்று வந்தவளைப் பார்த்து விளக்கினாள். "அதனால ஒரு கட்டப் பிரிக்கணும். கடனெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நம்ம குச்சிதான். கட்டிக் கெடந்துச்சு, அவ்வளவுதான்."

ரப்பர் வளையத்தை உருவினாள். குச்சிகள் மேசையில் சரிந்தன. எண்ணி எடுத்தாள். மிச்சம் ஒரு கட்டு, ஐந்து உதிரி.

"பதினஞ்சு. சந்தேகமா இருந்தா நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க."

வகுப்பு சிரித்தது. காவ் உண்மையிலேயே எண்ணிப் பார்த்தாள். பனாய்க்கு அதில் பரம திருப்தி.

வழக்கமாக மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கும் கெய்வென், ஜன்னலோரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். வயல் நத்தை இட்ட இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒன்றை நெல்தாளோடு பிடுங்கி வந்திருந்தான். இரண்டு வாரமாக அதைப் பற்றித் தினம் ஒரு வரி எழுதுகிறான். அதற்கு முன்னால் அவன் பேரைத் தவிர எதையும் எழுதியதில்லை. 'இன்று ஒரு முட்டை வெளுத்துவிட்டது' என்ற இன்றைய வரியை வந்தவளிடம் அவனே கொண்டுபோய்க் காட்டினான்.

கைவேலை நேரத்தில்தான் அது நடந்தது.

காகிதத்தில் வரைந்த சுழலை ஓரம் பிசகாமல் வெட்ட வேண்டும். முன்பெல்லாம் யுவான் வெட்டிய காகிதம் எலி கடித்தது போல இருக்கும். யாரும் பார்ப்பதற்குள் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். இடக்கைக் கத்தரிக்கோல் கைக்கு வந்த அன்றைக்கு, முதல் வெட்டு வழுக்கிக்கொண்டு போனதும் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை ருவோலானுக்கு இன்னும் கண்ணில் நின்றது. அதில் சந்தோஷம் இருந்தது. இத்தனை நாளும் தப்பு என் கையில் இல்லையா என்ற கேள்வியும் இருந்தது.

யுவான் இன்னொரு இடக்கைக் கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். அவள் அதை இடது கையில் வாங்கினாள். யோசிக்காமல், இயல்பாக.

இரண்டு பேரும் தலை குனிந்து வெட்டினார்கள். இரண்டு பேரும் நாக்கு நுனியைப் பல்லில் கடித்திருந்தார்கள்.

பனாய் எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"டீச்சர், யுவானுக்கு இருக்கிற புத்திசாலித் துளை இந்த ஆன்ட்டிக்கும் இருக்கு. அதே காதுல."

காதுக்கு முன்னால், ஊசி குத்தியது போல ஒரு சின்னத் துளை. பிறவியிலேயே வருவது. அது இருக்கிற பிள்ளைகள் புத்திசாலிகள் என்று சொல்லிச் சொல்லியே ருவோலான் யுவானை வளர்த்திருந்தாள். ஒரு முறை அதில் சீழ் வைத்தபோது டாக்டர் கேட்டார்: "உங்களுக்கு இருக்கா, அப்பாவுக்கு இருக்கா? இது குடும்பத்துல வர்றது." இருவருக்கும் இல்லை. செங்டா அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டான்.

அந்தப் பெண் சட்டென்று முடியை இழுத்துக் காதை மறைத்தாள்.

ருவோலானின் பையில் போன் அதிர்ந்தது. செங்டா. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது.

மணி அடித்துக் குழந்தைகள் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிய பிறகு, கை கழுவும் தொட்டிப் பக்கம் இருவரும் தனியாக நின்றார்கள்.

"யாரு நீங்க?" என்றாள் ருவோலான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே."

"தெரிஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"லிபிங்."

குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ருவோலான் அதைத் திருகி மூடினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவர் ஏதோ அரிசி மில்லுல இருக்கார்னு காதுல விழுந்துச்சு. சுத்துவட்டாரத்துல இருக்கிற ஸ்கூல் படம் எல்லாம் நெட்ல பாத்தேன். உங்க வகுப்புப் படத்துல ஒண்ணுல அவ வலது கையில கத்தரிக்கோல் பிடிச்சிக்கிட்டுக் கஷ்டப்படுறா. ஸ்பூனக்கூட இடது கையில பிடிச்ச குழந்தை அது. எனக்கும் சின்ன வயசுல அப்படித்தான் கைய மாத்தினாங்க. எனக்கு அந்தப் படத்தத் தாண்டிப் போக முடியல."

ருவோலானுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. அது யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்போ மத்த பிள்ளைங்களுக்கு வந்ததெல்லாம் ஒரு சாக்குதானா? குச்சி, புத்தகம், பூதக்கண்ணாடி எல்லாம்?"

லிபிங் மறைக்கவில்லை. "முதல்ல சாக்குதான். அப்புறம், அந்தப் பனாய் குச்சிக் கட்டப் பிரிக்கிற படம் போட்டிருந்தீங்க. அத அடிக்கடி எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது பெட்டி கட்டும்போது யாருக்காகக் கட்டுறேன்னு எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியல."

"அவகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல. சொல்ல வரல. எடுத்துக்கிட்டுப் போகவும் வரல. ஒரு தடவ பாக்கணும்னு செங்டாகிட்ட போன்ல எத்தனையோ முறை கேட்டேன். என் வீட்டுக்காரி சம்மதிக்க மாட்டா, தாங்க மாட்டான்னு சொல்லிட்டார்."

"நானா? என்கிட்ட யாரு கேட்டா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு வயசுல தூக்கினது" என்றாள் லிபிங். "அதுக்கப்புறம் அவள இன்னைக்குத்தான் பாக்குறேன். தூரத்துலேர்ந்துகூடப் பாத்ததில்ல."

அதற்குள் ஹெட்மாஸ்டர் புது அரிசிப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க ஊரு அரிசி. மறுக்கக் கூடாது. வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். டீச்சர், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. யுவான், நீ நடுவுல நில்லும்மா."

யுவான் நடுவில் நின்றாள். ருவோலான் சிரித்தாளா என்பது படம் வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும்.

சாயங்காலம் செங்டா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். முடியெல்லாம் உமி. யுவான் குளிக்கப் போயிருந்தாள்.

"வந்தது லிபிங்தானே?" என்றான், செருப்பைக் கழற்றாமலே.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலையில லீவு போடச் சொன்னியா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"அந்தச் சந்தேகத்த என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. வகுப்பு நடுவுல, ஒரு குழந்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அவ என்ன சொன்னா? பாவம் மாதிரி நின்னுருப்பா. காய்ச்சல்ல கெடந்த குழந்தையப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போனவ அவ. அத சொன்னாளா?"

அதை அவள் சொல்லவில்லை. ருவோலான் கேட்கவும் இல்லை. மத்தியானம் லிபிங் பக்கம் சாய்ந்திருந்த மனம் இப்போது இந்தப் பக்கம் அசைந்தது. அந்த மெலிந்த பெண்ணா காய்ச்சல் குழந்தையை விட்டுப் போனாள்? அப்படிப் போனவளா ஒரு கத்தரிக்கோலுக்காக இவ்வளவு தூரம் வந்தாள்?

"ஒரு தடவ பாக்கணும்னு கேட்டாளாம். நான் சம்மதிக்கலன்னு சொன்னியாம்."

செங்டா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? நான் மாட்டேன்னு சொல்லிடுவேன்னா?"

"நீ சரின்னு சொல்லிடுவேன்னு."

லிபிங்கிடம் அவன் சொன்னது பொய்தான். ஆனால் ருவோலானை நன்றாகத் தெரிந்தவன் சொன்ன பொய்.

"திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசு" என்றான் அவன். "அவ குடுத்தது எதுவும் நமக்கு வேண்டாம். எல்லாத்தையும் கட்டித் திருப்பி அனுப்பிடு. வேணும்னா வேற யாருகிட்டயாவது கேட்டு வாங்கிக்கலாம்."

"எதைக் கட்டி அனுப்பச் சொல்ற?"

"எல்லாத்தையும்தான்."

"பனாய் கழித்தல் கத்துக்கிட்டா. அத எந்தப் பெட்டியில போட்டு அனுப்புறது? கெய்வென் தினம் ஒரு வரி எழுதுறான். அந்த முட்டை பொரியறதுக்குள்ள பூதக்கண்ணாடிய பிடுங்கிட்டு வரட்டுமா? உங்க ரெண்டு பேரு சண்டை அந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்கு? யுவான் கைய நான்தான் இத்தனை வருஷம் கட்டிப் போட்டிருந்தேன். திரும்பவும் கட்டச் சொல்றியா?"

செங்டா குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"ஒண்ணும் போகாது" என்றாள் ருவோலான். "வகுப்புக்கு வந்தது வகுப்போட சொத்து. மத்தது நாம மூணு பேரும் உக்காந்து பேச வேண்டியது. நீ, நான், அவ. யுவானுக்கு என்ன சொல்றது, எப்பச் சொல்றதுங்கிறத அதுக்கப்புறம் பாக்கலாம்."

அவன் தலையாட்டினான்.

"ஒண்ணு மட்டும் நிஜமாச் சொல்லு. அவ போனதுக்கு அப்புறம் யுவானப் பாத்திருக்காளா?"

"இல்ல. நானே அவள நேர்ல பாத்ததில்ல. யுவான் எங்க பாக்கப் போறா?"

அந்தப் பதிலை ருவோலான் இறுகப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து கேட்ட இரண்டு கதைகளில் ஒன்றுக்கொன்று பொருந்திய இடம் அது ஒன்றுதான். அங்கேயிருந்து தொடங்கினால் மீதியையும் அவிழ்த்துவிடலாம் என்று பட்டது.

செங்டா குளிக்கப் போனான். யுவான் ஈரத் தலையோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். ருவோலான் துண்டால் துவட்டினாள். காதுக்கு முன்னால் அந்தத் துளையைப் பார்க்காமல் துவட்டப் பார்த்தாள்.

"அம்மா, காவ் ஆன்ட்டி மறுபடியும் வருவாங்களா?"

"தெரியல. உனக்கு அவங்களப் பிடிச்சிருக்கா?"

"ம். ஆனா இன்னைக்கு என்னைத் தெரியாத மாதிரியே உக்காந்திருந்தாங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்."

"தெரியாத மாதிரின்னா?"

"ஸ்டேஷன்ல ஐஸ் வாங்கிக் குடுத்தாங்களே. அப்பாகூடப் போனப்போ. அன்னைக்கு அப்பா அழுதாரு. அவங்க அப்பா முதுகத் தடவிக் குடுத்தாங்க."

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. செங்டா மெல்லிய குரலில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான்.

"இத ஏன் அம்மாகிட்ட நீ சொல்லல?"

யுவான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். தான் தப்புச் செய்துவிட்டோமோ என்ற கலக்கம் அந்தச் சின்ன முகத்தில்.

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா."

"யாரு சொன்னா? அப்பாவா, அந்த ஆன்ட்டியா?"

"ரெண்டு பேரும்தான்."